கைப்பேசி ‘ஆஃப்’ என்கிறது, மோட்டார் ஓடுகிறது

கேள்வி: என் தாயார் திருநெல்வேலி சிந்துபூந்துறையில் தனியாக இருக்கிறார். ஒரு குதிரைத்திறன் தண்ணீர் மோட்டாருக்கும் குளியலறை ஹீட்டருக்கும் ‘16 ஆம்பியர்’ என்று அச்சிட்ட ஸ்மார்ட் பிளக்குகளை மாட்டி, இங்கிருந்தே கைப்பேசியில் இயக்கி வந்தேன். சென்ற வாரம் இரவு மோட்டார் அணைந்துவிட்டதாகக் கைப்பேசி காட்டியது. காலையில் எழுந்து பார்த்தால் தொட்டி வழிந்து முற்றமெல்லாம் தண்ணீர் என்றார் அம்மா. ஹீட்டரின் பிளக் பாயிண்ட்டும் பழுப்பேறி, கருகிய வாடை வருகிறதாம். பிளக்கை மாற்றினால் போதுமா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: போதாது அம்மா. இதைப் படித்தவுடன் தாயாரை அழைத்து, ஹீட்டருக்கு உரிய ட்ரிப்பரை அணைக்கச் சொல்லுங்கள்; எது என்று தெரியாவிட்டால் மெயின் சுவிட்சையே அணைக்கட்டும். கருகிய பிளக்கை அவர் தொட வேண்டாம். எலக்ட்ரீஷியன் வந்து கழற்றட்டும்.

மோட்டார் ஏன் நிற்கவில்லை என்பதைச் சொல்கிறேன். ஸ்மார்ட் பிளக்கின் உள்ளே ரிலே என்ற சிறு சுவிட்ச் இருக்கிறது. அதில் மிளகு அளவே உள்ள இரண்டு உலோகப் புள்ளிகள் ஒன்றையொன்று தொட்டால் மின்சாரம் பாயும், விலகினால் நிற்கும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது 6, 7 ஆம்பியர்தான் இழுக்கும் என்றாலும், கிளம்பும் அந்த நொடியில் அதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். பிளக்கின் மேல் அச்சிட்ட 16 ஆம்பியர் பெரும்பாலும் ஹீட்டர் போன்ற சுமைக்குச் சொன்ன கணக்கே தவிர, மோட்டாருக்குச் சொன்னதன்று. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் தெறிக்கும் பொறியில் புள்ளிகள் கொஞ்சம் கொஞ்சமாக உருகி, ஒருநாள் ஒட்டிக்கொண்டுவிடும். பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் இப்படிக் கெட்டுப்போன பிளக்கைப் பிரித்துப் பார்த்தேன். ஸ்க்ரூ டிரைவர் நுனியால் நெம்பிய பிறகுதான் புள்ளிகள் பிரிந்தன. கைப்பேசியில் ‘ஆஃப்’ என்று வருவது, அணையும்படி பிளக்குக்கு உத்தரவு போய்ச் சேர்ந்தது என்பதற்கு மட்டுமே சான்று. எத்தனை வாட் ஓடுகிறது என்று அளந்து காட்டும் பிளக்காக இருந்திருந்தால், ‘ஆஃப்’ என்று காட்டும்போதே வாட் கணக்கு ஓடிக்கொண்டிருப்பது உங்கள் கண்ணில் பட்டிருக்கும்.

பிளக் பாயிண்ட் கருகியதற்குக் காரணம் வேறு. 2,000 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். பாயிண்ட்டின் உள்ளே பின்னைக் கவ்வும் பித்தளைத் தகடு தளர்ந்து, அந்த இணைப்பில் பத்தில் ஒரு பங்கு ஓம் தடை ஏற்பட்டாலே, கொசு மேட் கருவி சூடாவதைவிடக் கூடுதலான வெப்பம் அந்தச் சிறு இடத்தில் மூண்டுகொண்டிருக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டபோது உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள். அன்று நனைந்த பிளக் பாயிண்ட்டுகளைக் காயவைத்து அப்படியே பயன்படுத்தும் வீடுகள் உண்டு. வெளியே வெள்ளையடித்துப் புதிதாகத் தெரிந்தாலும், உள்ளே தகட்டில் பச்சை பூத்திருக்கும். அப்படியானால் கருகிய ஒன்றோடு நிற்காமல், தண்ணீர் ஏறிய மட்டத்துக்குக் கீழே உள்ள பாயிண்ட்டுகள் அத்தனையையும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளவையாக மாற்றச் சொல்லுங்கள். செலவைப் பார்க்க வேண்டாம்.

இனி மோட்டாருக்கு ஸ்மார்ட் பிளக் வேண்டவே வேண்டாம். தொட்டி நிரம்பினாலும் கீழே தண்ணீர் வற்றினாலும் தானே நிறுத்திக்கொள்ளும் வாட்டர் லெவல் கன்ட்ரோலர் ஒன்றை வையுங்கள்; அதற்கு இணையமும் தேவையில்லை, உங்கள் கண்விழிப்பும் தேவையில்லை. ஹீட்டரைத் தொலைவிலிருந்து இயக்கியே ஆக வேண்டுமென்றால், சுமையைத் தாங்கத் தனியாகக் கான்டாக்டர் என்ற பெரிய ரிலே ஒன்றைப் பொருத்தி, அதைத் திறந்து மூடும் காயிலை (கம்பிச்சுருளை) மட்டும் ஸ்மார்ட் பிளக் இயக்கும்படி எலக்ட்ரீஷியனிடம் செய்துகொள்ளலாம். ஆனால் குளிக்கப் போகிறவரே போட்டு அணைக்கும் சாதாரண சுவிட்ச்தான் அம்மாவுக்கு நல்லது என்பது என் எண்ணம். அந்த வேலை நடக்கும்போதே எர்த்தைச் சோதித்து, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் போட்டுவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: வாசல் விளக்குக்கு மட்டும் ஸ்மார்ட் பிளக் வைத்திருக்கிறேன். கரண்ட் போய் வந்தால் சில நாள் பகலிலும் எரிகிறது. பழுதா?
– ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: பழுதன்று. மின்சாரம் திரும்பும்போது பிளக் எரிந்த நிலையில் எழ வேண்டுமா, அணைந்த நிலையிலா, முன்பு இருந்தபடியா என்பதைச் செயலியின் அமைப்பில் தேர்ந்தெடுக்கலாம். நீங்கள் ‘அணைந்த நிலை’ என்று வையுங்கள். கூடவே ஒருநாள் மாலை ரூட்டரை அணைத்துவிட்டு, குறித்த நேரத்தில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் நேர அட்டவணை பிளக்கிலேயே பதிந்திருக்கிறது, எரியாவிட்டால் எங்கோ இருக்கும் சர்வரை நம்பியே உங்கள் வாசல் விளக்கு எரிகிறது. ஐப்பசி, கார்த்திகை இடிமழை நாட்களில் மழை தொடங்குமுன்பே பிளக்கைக் கையால் கழற்றி வைத்துவிடுங்கள்; ரிலேயின் அந்தச் சிறு இடைவெளி மின்னலைத் தடுக்காது.