ரீலோடிங் பழக முதல் புத்தகம்: எதை வாங்குவது, எப்படிப் படிப்பது?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன். கிரீன் கார்டு வந்தபின் .357 மேக்னம் ரிவால்வரும் .308 வின்செஸ்டர் ரைஃபிளும் வாங்கினேன். ரிவால்வரில் பெரும்பாலும் .38 ஸ்பெஷல்தான் (அதிலேயே சுடக்கூடிய, அழுத்தம் குறைந்த தோட்டா) சுடுகிறேன். தோட்டாச் செலவு கட்டுப்படியாகவில்லை, சுட்டு முடிந்த பித்தளைக் கூடுகளை மறுபடி நிரப்பி நானே ரீலோடு செய்யலாம் என்று இருக்கிறேன். ரேஞ்சில் பழக்கமான பெரியவர் ஒருவர் 1970களில் அச்சான கையேடு ஒன்றைக் கொடுத்தார். அது போதுமா, புதிதாக வாங்க வேண்டுமா? இணையத்திலேயே பவுடர் அளவுகள் கிடைக்கும்போது புத்தகம் எதற்கு?

பதில்: இரண்டு புத்தகம் வாங்குங்கள். மூன்றாவதாக வேண்டியது இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. பெரியவர் கொடுத்ததை அளவுகளுக்காகத் திறக்க வேண்டாம்.

சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம். நுனியில் இருந்து பறப்பது குண்டு. பித்தளைக் கூடு கேஸ். உள்ளே எரிவது பவுடர். அடியில் பொறி கொடுப்பது பிரைமர். நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. இந்த நான்கில் எதை மாற்றினாலும் உள்ளே எழும் அழுத்தம் மாறும். கையேட்டின் அளவுப் பக்கத்தைச் சமையல் குறிப்பாக எண்ணிப் படிப்பவர்கள் தவறுவது இங்கேதான். அது ஒரு சோதனை அறிக்கை. இந்தக் குண்டு, இந்த கேஸ், இந்த பிரைமர், இந்த நீளக் குழல், இவற்றோடு சுட்டபோது இப்படி வந்தது என்கிறது, அவ்வளவுதான். ஆகவே உங்கள் மேசையில் இருக்கும் பொருள்களோடு எந்த அறிக்கை பொருந்துகிறதோ அதுவே உங்களுக்கு நல்ல புத்தகம்.

முதல் புத்தகம் லைமன் நிறுவனத்தின் ரீலோடிங் கையேடு. ஐம்பதைத் தாண்டிய பதிப்புகளில் கடையில் கிடைப்பதை வாங்கலாம். மற்ற பெரிய கையேடுகளைக் குண்டு தயாரிப்பவர்கள் வெளியிடுகிறார்கள். அவரவர் குண்டுக்கு மட்டுமே அளவு இருக்கும். லைமன் விற்பது கருவிகளும் ஈய அச்சுகளும். அதனால் பல நிறுவனங்களின் குண்டுகளை ஒரே நூலில் சோதித்துத் தருகிறார்கள். அச்சில் வார்த்த ஈயக் குண்டுக்கும் தாராளமாக அளவு உண்டு; .38 ஸ்பெஷல் சுடுபவருக்கு அது முக்கியம். பல லோடுகளுக்கு, அதாவது குண்டும் பவுடர் அளவும் சேர்ந்த சேர்க்கைகளுக்கு, அழுத்தத்தின் எண்ணையும் அச்சிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக முன்பகுதி அத்தியாயங்கள், கேஸை ஆராய்வதில் தொடங்கி குண்டை அழுத்தி உட்கார வைப்பது வரை, படத்தோடு வரிசையாகச் செல்கின்றன.

இரண்டாவது, .308-க்கு நீங்கள் தேர்ந்த குண்டின் தயாரிப்பாளர் வெளியிடும் கையேடு. ஹார்னடி குண்டு என்றால் ஹார்னடி, சியர்ரா என்றால் சியர்ரா, ஸ்பியர் என்றால் ஸ்பியர். ஹார்னடியின் அட்டவணை புதியவரைக் கொஞ்சம் குழப்பும். மேலே வேகங்கள் வரிசையாக நிற்கும், இடப்பக்கம் பவுடர் பெயர்கள், இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் அளவு. வேகத்தைப் பார்த்து வலப்பக்கம் ஓடத் தோன்றும். இடக்கோடியில்தான் தொடங்க வேண்டும்.

ரிச்சர்ட் லீ எழுதிய மாடர்ன் ரீலோடிங் விலை மலிவு, அளவுகளும் ஏராளம். ஆனால் அவை பெரும்பாலும் பவுடர் நிறுவனங்களின் தரவிலிருந்து தொகுத்தவை. எந்த நிறுவனத்தின் குண்டு என்று சொல்லாமல் 'இத்தனை கிரெயின் (எடை அலகு), உறையிட்டது (ஈயத்தின் மேல் செம்பு உறை)' என்று மட்டும் இருக்கும் இடங்கள் அதிகம். ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளலாம், தனி ஆதாரமாக வேண்டாம். லீயின் சொந்தக் கருவிகளுக்கு விளம்பரமும் தாராளம் என்பதை அறிந்தே படியுங்கள்.

இனி இணையம். பவுடர் நிறுவனமான ஹாட்ஜ்டன் தன் தளத்தில் ஹாட்ஜ்டன், ஐஎம்ஆர், வின்செஸ்டர் பவுடர்களுக்கு அளவு தருகிறது. மற்றப் பவுடர் நிறுவனங்களான அலையன்ட்டும் விதாவூரியும் தருகின்றன. பவுடரைத் தயாரிப்பவரோ விற்பவரோ தரும் தரவு என்பதால் நம்பலாம். மன்றங்களிலும் யூடியூபிலும் யாரோ சொல்லும் அளவை எடுக்கவே கூடாது. அலையன்ட் தரவில் ஒரு கண்ணி உண்டு: பல லோடுகளுக்கு உச்ச அளவு ஒன்று மட்டுமே இருக்கும், 10% குறைத்துத் தொடங்கச் சொல்லும் வரி வேறோர் இடத்தில் இருக்கும். அதைப் பார்க்காதவர் முதல் தோட்டாவையே உச்சத்தில் நிரப்பிவிடுவார்.

அந்த 10% விதியும் எல்லாப் பவுடருக்கும் பொருந்தாது. .357 மேக்னத்துக்குப் பலரும் வாங்கும் ஹெச் 110 பவுடரை 3 சதவீதத்துக்கு மேல் குறைக்க வேண்டாம் என்பது ஹாட்ஜ்டனின் எச்சரிக்கை. குறைவாக நிரப்பினால் சரியாகப் பற்றாமல் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடலாம். குறைத்தால் எப்போதும் பத்திரம் என்பது நம் வீட்டு மிளகாய்த்தூளுக்குச் சரி, இதற்குச் சரியில்லை.

பவுடரின் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஐஎம்ஆர் 4350, ஹெச் 4350, அக்யூரட் 4350 ஆகிய மூன்றும் வெவ்வேறு பவுடர்கள். எண் ஒன்று என்பதால் அளவை மாற்றிப் போட்டால் ஆபத்து. ஹெச் 110-உம் வின்செஸ்டர் 296-உம் பெயரில் வேறு, பொருள் ஒன்றேதான்.

எடை ஒன்று என்பதால் குண்டும் ஒன்றாகிவிடாது. 150 கிரெயின் முழுச் செம்புக் குண்டு, அதே எடையுள்ள ஈய உள்ளீட்டுக் குண்டைவிட நீளம். தோட்டாவின் மொத்த நீளத்தை ஒரே அளவில் வைத்தால் அது கேஸுக்குள் ஆழமாக இறங்கி பவுடரின் இடத்தைப் பிடிக்கும், அழுத்தம் ஏறும். .308-க்கு ராணுவ 7.62 நேட்டோ கேஸ் கிடைத்தால் இதே கணக்குதான்: சுவர் தடிப்பு அதிகம், உள்ளிடம் குறைவு. பக்கத்தின் தலையில் எந்த கேஸ் என்று போட்டிருப்பது இதற்காகத்தான். சாதாரண பிரைமருக்குப் பதில் வலுவாகப் பற்றவைக்கும் மேக்னம் பிரைமர் செருகினாலும் தொடக்க அளவிலிருந்து திரும்ப ஏறி வர வேண்டும்.

நம்மவர்களுக்கென்றே ஒரு பொறி உண்டு. புத்தகத்தில் எடை எல்லாம் கிரெயினில். 7,000 கிரெயின் ஒரு பவுண்டு. ஒரு கிராம் ஏறத்தாழ 15.43 கிரெயின். பவுடரின் மணி எண்ணிக்கையோடு இதற்குச் சம்பந்தமில்லை. மின்தராசில் அலகு மாற்றும் பொத்தான் கை பட்டு கிராமுக்குப் போனால் திரையில் எண் மட்டுமே கண்ணில் படும், அலகு மாறியதைக் கவனிக்காமல் போகலாம். ஒவ்வொரு முறை உட்காரும்போதும் சோதனை எடைக்கல்லை வைத்துப் பாருங்கள்.

பெரியவரின் புத்தகத்துக்கு வருவோம். பக்கங்கள் மஞ்சளானது குறை இல்லை. பவுடர்களும் அளக்கும் முறையும் மாறியிருக்கின்றன. அன்று செம்பு உருளை எவ்வளவு நசுங்குகிறது என்று பார்த்து அழுத்தத்தைச் சொன்னார்கள், அது சியூபி. இன்று மின்னுணரி கொண்டு அளப்பது பிஎஸ்ஐ. .308-க்கு உச்ச அழுத்தம் பழைய அளவையில் 52,000 சியூபி, புதியதில் 62,000 பிஎஸ்ஐ. இரண்டும் ஒரே வரம்பைத்தான் குறிக்கின்றன. 'அன்று 52,000, இன்று 62,000 வரை விடுகிறார்கள், இன்னும் 10,000 பாக்கி' என்று நினைத்தால் கதை முடிந்தது. இவற்றுக்கிடையே மாற்றுச் சூத்திரமும் கிடையாது. அந்த நூலில் கேஸைத் தயார்செய்யும் பகுதியைப் படியுங்கள், அது இன்றும் நன்றாகவே இருக்கும்.

.38 ஸ்பெஷல் 1898-இல் கரும்பவுடருக்காகப் பிறந்தது. அதனால் கேஸ் விசாலம். இன்றைய வேகமாக எரியும் பவுடரில் டார்கெட் லோடு (இலக்குப் பயிற்சிக்கான மிதமான அளவு) போட்டால் பாதிகூட நிறையாது. இரண்டு முறை ஊற்றினாலும் வழியாது, கண்ணுக்குத் தப்பிவிடும். .38-இன் வரம்பு 17,000 பிஎஸ்ஐ, .357-இன் வரம்பு 35,000. இரட்டை அளவு இரண்டையும் தாண்டக்கூடும், .357 ரிவால்வர் என்பதால் தாங்கும் என்று எண்ண வேண்டாம். எனவே வாங்கப் போகும் நூலில் லோடிங் பிளாக் பயன்படுத்துவதைத் தெளிவாகக் கற்றுத் தருகிறார்களா என்று பாருங்கள்: 50 கேஸையும் பலகையில் நிறுத்தி, பவுடர் ஊற்றி முடித்ததும் டார்ச் அடித்து எல்லாவற்றின் மட்டமும் ஒன்றா என்று மேலிருந்து பார்த்த பிறகே குண்டு வைக்க வேண்டும். ஒன்றில் சந்தேகம் என்றால் கொட்டிவிட்டுத் திரும்ப அளக்க வேண்டும். பவுடரே விழாத தோட்டாவும் இதே சோதனையில் சிக்கும். பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டு குழலில் சிக்கி, அதன் பின்னால் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது கிழியும். இவ்வளவும் சொல்லாத புத்தகம் அனுபவசாலிக்கு எழுதியது, முதல் நூலாக வேண்டாம்.

சட்டம் சுருக்கமாக. உங்கள் சொந்த உபயோகத்துக்கு ரீலோடு செய்ய அமெரிக்கக் கூட்டரசின் உரிமம் தேவையில்லை. நண்பருக்கு விற்கத் தொடங்கினால் தயாரிப்பாளர் உரிமம் வேண்டியிருக்கும். ஊருக்குத் திரும்பும் திட்டம் இருந்தால், இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி தோட்டா தயாரிக்கவே உரிமம் வேண்டும். துப்பாக்கி லைசென்ஸ் அதற்கு ஈடாகாது.

வாங்கும் வரிசையில்தான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். பிரஸ் (அழுத்தும் கருவி), டை (அதில் பொருத்தும் அச்சு), ஒரு டப்பா பவுடர் எல்லாம் வாங்கியபின், அந்தப் பவுடர் எந்தப் புத்தகத்திலும் தங்கள் குண்டோடு சேர்ந்து வரவில்லை என்று தேடுவார்கள். நீங்கள் லைமனை முதலில் வாங்கி, முன் அத்தியாயங்களை இரண்டு முறை படியுங்கள். பிறகு .38 ஸ்பெஷல் பக்கத்தை எடுத்து, கடையில் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும் ஒரு குண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குண்டுக்கு லைமனிலும் பவுடர் நிறுவனத்தின் தளத்திலும் ஒருசேர இருக்கும் பவுடர்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். இரண்டு இடத்திலும் எண்கள் சற்று வேறுபடும், சோதித்த குழலும் கேஸும் வேறு என்பதால் அது இயல்பு. குறைவான தொடக்க அளவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு பவுடர், அந்த ஒரு குண்டு, புத்தகம் சொல்லும் பிரைமர், இவற்றை மட்டும் வாங்கி .38-இல் கை பழகுங்கள். .308-க்கான இரண்டாவது புத்தகத்தை அதன் பிறகு வாங்கினால் போதும்.