வால் பக்கம் திரும்பும்வரை

அன்புள்ள ஐயா,

ஆகஸ்டில் குடும்பத்தோடு கென்யா போகிறோம். நகுருவில் ஒரு நாள், பிறகு மசாய் மாராவில் மூன்று நாள். பத்து வயது மகளும் வருகிறாள். ஆப்பிரிக்க விலங்குகளுக்கான சட்டைப்பை அளவுக் கையேடு ஒன்று வாங்கினேன். அதில் பாலூட்டிகள் மட்டும்தான் இருக்கின்றன. பறவைகளும் சேர்ந்த வேறொன்றை வாங்கலாமா, அல்லது செல்போன் செயலியே போதுமா?

என் நண்பர் இதெல்லாம் எதுவுமே வேண்டாம், ஓட்டுநர் சொல்வார் என்கிறார். நீங்கள் முன்பு எழுதிய ஒரு வரியையும் காட்டினார்: 'பெயர் தெரிந்த கணத்தில் பறவை பறந்துவிடுகிறது, கையில் மிஞ்சுவது பெயர் மட்டும்தான்.' உண்மையில் பெயர் தெரியாமல் பார்ப்பதுதான் நல்லதா? சிங்கம், யானை என்று தொடங்கும் அந்த 'பிக் ஃபைவ்' ஐந்து விலங்குகளையும் மூன்று நாளில் பார்த்துவிட முடியுமா? இன்னொன்று, தாம்சன், கிராண்ட் என்று வெள்ளைக்காரர் பெயர்களை மான்களுக்கு ஏன் நாமும் சொல்ல வேண்டும்? 99 பூக்களுக்குத் தமிழில் பெயர் சொன்ன கபிலரின் பரம்பரை அல்லவா நாம்?

க., கோவை

அன்புள்ள க.,

அந்த வரியை எழுதியவன் நான்தான். அப்போது எனக்கு முப்பது வயது. வாசலில் நின்ற மரத்தின் பெயர்கூடத் தெரியாது. தெரியாததைத் தத்துவமாக்கிக்கொள்வது எளிது, படிக்கிறவர்களும் அடிக்கோடு போடுவார்கள். நான் அதிலிருந்து வெளியே வந்து வெகுநாளாகிறது என்று உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

உங்கள் கடிதம் வந்த வாரம் புத்தக அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். 2011-இல் மாராவுக்குக் கொண்டுபோன கையேடு கீழ்த்தட்டில் கிடந்தது. முதுகில் செலோடேப். விரித்தால் மடிப்பில் இன்னும் கறுப்புப் புழுதி. மாராவின் மண் பல இடங்களில் நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மாதிரிதான். காய்ந்தால் பறக்கும், நனைந்தால் வண்டியைச் சக்கரத்தோடு விழுங்கும். மான்கள் இருக்கும் பக்கத்தில் பேனாவால் இழுத்த ஒரு சின்னக் கோடு. அதை நான் போடவில்லை, எங்கள் ஓட்டுநர் போட்டார்.

இரண்டாம் நாள் காலை, கூரையைத் தூக்கிவிட்ட வேனில் நின்றுகொண்டிருக்கிறோம். எதிரே நாற்பது ஐம்பது மான்கள். முந்தின நாள் இரவே கையேட்டைக் கரைத்துக் குடித்திருந்தேன். விலாவில் கறுப்புப் பட்டை இருந்தால் தாம்சன் மான், இல்லாவிட்டால் கிராண்ட் மான். அவ்வளவுதானே? (தாம்சனை அங்கே ஓட்டுநர்கள் 'டாமி' என்கிறார்கள். நம் ஊரில் நாய்க்கு வைக்கிற பெயர் என்று நான் சொன்னதும் அவர் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார்.) கூட வந்தவர்களுக்கு நான் வகுப்பெடுக்கவே தொடங்கிவிட்டேன். "அதோ, ஓரமாக நிற்கிறது பாருங்கள், பட்டை தெரிகிறதா? டாமி."

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. என்ஜினை அணைத்துவிட்டு, "ங்கோஜா கிடோகோ, ம்ஸே" என்றார். கொஞ்சம் பொறுங்கள், பெரியவரே.

பத்து நிமிடம் பொறுத்தோம். அது மேய்ந்தது. ஈ மொய்த்த காதை உதறியது. சிங்கம் எப்போது என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அந்த மான் சாவகாசமாகத் திரும்பி எங்களுக்குப் பின்புறத்தைக் காட்டியது. "இப்போது பாருங்கள்" என்றார். பிட்டத்து வெள்ளை வாலோடு நிற்காமல், வால் முளைக்கிற இடத்தையும் தாண்டி இடுப்புப் பக்கம் ஏறியிருந்தது. இருபதடி தள்ளி நின்ற சின்ன மான் ஒன்றைக் காட்டினார். அதற்கு வெள்ளை வாலுக்குக் கீழேயே முடிந்துவிட்டது, மேலே எல்லாம் முதுகின் மணல் நிறம். கறுப்பு வால் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டாவதுதான் டாமி. நான் டாமி என்று அடித்துச் சொன்னது கிராண்ட். பெண் கிராண்ட். அவற்றிலும் குட்டிகளிலும் பலவற்றுக்கு விலாப் பட்டை இருக்கும்.

இதெல்லாம் கையேட்டிலேயே இருந்தது, படத்துக்குக் கீழே பொடி எழுத்தில். நான் படத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். அவர் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, படத்தில் வால் முளைக்கிற இடத்தில் பேனாவால் ஒரு கோடு இழுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

நிமிர்ந்தால், ஒரு நிமிடத்துக்கு முன் வெறும் மான் கூட்டமாக இருந்தது இப்போது இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே சந்தையில் கலந்து நிற்பது மாதிரி இருக்கிறது. வேறு வேறு பிழைப்பு, வேறு வேறு கவலை. டாமிக்குக் குட்டைப் புல் வேண்டும். தண்ணீர் வற்றினால் அது இடம் மாற வேண்டும். கிராண்டுக்குத் தழையும் ஆகும். தின்கிற இலையில் இருக்கிற ஈரத்தை வைத்தே பல நாள் தள்ளிவிடும், மற்றவை கிளம்பிப் போன காய்ந்த நிலத்திலும் நிற்கும். மாராவின் சிவிங்கிப்புலிகள் (சீட்டா) அதிகம் துரத்துவது டாமியைத்தான். இத்தனையும் அந்த வெள்ளைத் திட்டு எங்கே முடிகிறது என்று பார்த்த பிறகுதான் எனக்குக் கண்ணில் பட்டது. பெயர் தெரியாமல் பார்ப்பதுதான் தூய பார்வை என்கிறாரே உங்கள் நண்பர், முதல் நாள் முழுக்க அந்தத் தூய பார்வையோடுதான் நான் சுற்றினேன். மான், மான், இன்னொரு மான் என்பதைத் தவிர நான் வேறு எதையும் பார்க்கவில்லை.

அந்த மான் என்ற சொல்லிலும் ஒரு தகராறு. சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில் புள்ளிமானின் சாதிசனம் ஒன்றுகூட இயற்கையாகக் கிடையாது. ஆண்டுதோறும் கொம்பை உதிர்த்து வளர்க்கிறவை அங்கே இல்லை. அங்கிருப்பவை எல்லாம் கோடியக்கரை வெளிமானைப் போல, முளைத்த கொம்போடே வாழ்ந்து முடிப்பவை. இரலை என்று சொல்லலாம். நானே எழுதும்போது மான் என்றுதான் எழுதிவிடுகிறேன், பாருங்கள்.

1934-இல் அமெரிக்காவில் ரோஜர் டோரி பீட்டர்சன் பறவைகளுக்கு ஒரு கையேடு போட்டார். ஒரு காலத்தில் சந்தேகமான பறவையைச் சுட்டு வீழ்த்தி, கையில் வைத்துப் புரட்டிப் பார்த்துத்தான் இன்னதென்று முடிவு செய்வது வழக்கம். பீட்டர்சன் தட்டையான எளிய படங்களை வரைந்து, எந்த இடத்தைப் பார்த்தால் போதும் என்று ஒரு சின்னக் கோட்டால் சுட்டிக் காட்டினார். துப்பாக்கியின் வேலையை அந்தக் கோடு செய்தது. எங்கள் ஓட்டுநர் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருப்பாரா, தெரியாது. ஆனால் பேனாவை எடுத்ததும் அவர் செய்தது அதே வேலை.

அதனால் கையேட்டை விலங்குகளின் ஆல்பம் என்று நினைக்காதீர்கள். இதையும் அதையும் எப்படிக் குழப்பிக்கொள்வாய் என்று சொல்கிற புத்தகம் அது. ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் 'இதைப் போன்றவை' என்று ஒரு வரி இருக்கும். எல்லோரும் தாண்டிப் போவது அதைத்தான். அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். அதற்கும் முன்னால் அந்த விலங்கு எங்கே வாழ்கிறது என்று காட்டும் வரைபடத்தைப் பார்க்க வேண்டும், கைவிரல் நகமளவுதான் இருக்கும். நீங்கள் நிற்கிற இடத்தில் இல்லாத விலங்கின் படத்தோடு கால் மணி நேரம் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். படித்தவர்கள்தான்.

பெயர் மாறாதா என்றால், மாறும். என் பழைய கையேட்டில் ஒட்டகச்சிவிங்கி ஒரே இனம். 2025-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் நான்கு இனங்கள் என்று ஏற்றுக்கொண்டது. அதே கையேட்டில் பொன்னிறக் குள்ளநரி என்று இருப்பதை 2015-இல் வந்த மரபணு ஆய்வு ஓநாய்ப் பக்கம் தள்ளிவிட்டது. மாறட்டுமே! அந்த வெள்ளை எங்கே முடிந்தது என்று நான் பார்த்ததை அவர்கள் என்ன செய்துவிட முடியும்?

ஓட்டுநர் சொல்வார் என்பது உண்மை. கென்யாவில் வழிகாட்டிகளுக்குச் சங்கம் இருக்கிறது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிப்படியாகத் தேர்வு வைக்கிறார்கள். ஆனால் அவர் நீங்கள் கேட்டதைச் சொல்வார். சிங்கம் எங்கே என்றால் வானொலியில் விசாரித்து, ஏற்கெனவே பதினைந்து வண்டிகள் நிற்கிற இடத்துக்கு உங்களையும் கொண்டுபோய் நிறுத்துவார். கேட்பதற்கு உங்களிடம் வேறு என்ன இருக்கிறது? அதற்குத்தான் புத்தகம்.

பிக் ஃபைவ் பற்றி இவ்வளவுதான்: நடந்துபோய்ச் சுடுவதற்கு ஆபத்தான ஐந்து விலங்குகள் என்று வேட்டைக்காரர்கள் போட்ட பட்டியல் அது. தாம்சன் வேண்டாம், கிராண்ட் வேண்டாம் என்று கோபப்படுகிற நீங்கள் இதை மட்டும் ஏன் கோவையிலிருந்து கென்யாவரை சுமக்கிறீர்கள்? சுவாஹிலிக்காரர்களே 'ஸ்வாலா டோமி', 'ஸ்வாலா கிராண்டி' என்று சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போகிறார்கள். வரிக்குதிரைக்கு அவர்கள் வைத்த பெயர் 'புண்டா மிலியா', கோடு போட்ட கழுதை. கபிலரை விட்டுவிடுங்கள். அவர் சொன்ன 99 பூக்களில் நீங்கள் எத்தனையைக் கையில் எடுத்துக் காட்டுவீர்கள்? நான் பத்தைத் தாண்ட மாட்டேன்.

செயலியா புத்தகமா என்று கேட்டிருந்தீர்கள். எதுவானாலும் சரி. செயலியில் பறவைக் குரல் இருக்கும், அதை இரவில் கூடாரத்துக்குள் கேளுங்கள். வெளியே ஒலிக்கவிட்டுப் பறவைகளைக் கூப்பிட்டு ஏமாற்றாதீர்கள். கென்யாவில் பறவைகள் ஆயிரம் இனத்துக்கு மேல். மூன்று நாளில் ஆயிரத்தையும் பார்க்கப் போவதில்லை. சாப்பாட்டு மேசையருகே வரும் நீல மைனா மாதிரி ஒன்றுக்கு மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே வெள்ளைக் கோடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது இல்லாத, சிவந்த கண் உள்ள ஒன்றும் கூடவே வரும். இருநோக்கியை (பைனாகுலர்) மறந்துவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் எந்தப் புத்தகமும் பயனில்லை. அப்புறம் புத்தகத்துக்கு ஒரு ரப்பர் பேண்டு. திறந்த கூரையில் காற்று பக்கத்தைப் புரட்டிவிடும்.

அதை உங்கள் மகளிடமே கொடுத்துவிடுங்கள். நகுருவில் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தால் முழங்காலுக்குக் கீழே பார்க்கச் சொல்லுங்கள். மாராவுக்குப் போனதும் திரும்பவும் அதே இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். என்ன வித்தியாசம் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. அவளே எனக்கு எழுதட்டும். நீங்கள் எழுத வேண்டாம், ஐந்தில் எத்தனை என்ற கணக்குதான் வரும்.

அன்புடன்