கூலி வாங்கியவர்களும் வாங்காதவரும்

கேள்வி: பண்டைய கிரேக்கத்தில் ஊர் ஊராகப் போய்க் காசுக்குப் பேச்சுக்கலை சொல்லிக்கொடுத்த சோஃபிஸ்டுகள் கூலிக்கு மாரடித்த வாய்ச்சொல் வீரர்கள்தானே? ஒரு காசு வாங்காமல் உண்மையைத் தேடிய சாக்ரடீஸோடு அவர்களையும் தத்துவப் பாடத்தில் சேர்ப்பது சரியா?
— கல்லூரி மாணவர் ஒருவர், கும்பகோணம்

பதில்: 'கூலி' என்று எழுதிவிட்டீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பார்த்தினான் கோயிலுக்குக் கல் செதுக்கியவர் கூலி வாங்கினார். சிலை வடித்தவர் வாங்கினார். நோய் தீர்த்தவர் வாங்கினார். நீதிமன்றத்தில் ஜூரியாக உட்கார்ந்த குடிமகனுக்கு நாளொன்றுக்கு 3 ஓபல், அதாவது அரை டிராக்மா வெள்ளிக் காசு, படி கிடைத்தது. சொல்லிக்கொடுத்தவர் காசு கேட்டபோது மட்டும் அது ஏன் வசையாக மாறியது? இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வழக்கு தெரியும். வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைத்து, ஒன்றரை மணி நேரம் பேசவைத்து, பொன்னாடை போர்த்தி, பஸ் செலவுக்குக்கூடக் கொடுக்காமல் அனுப்பிவைக்கிறார்களே, அந்த விழாக்குழுக்களை நான் மன்னிக்கப்போவதில்லை. பந்தல்காரருக்கும் மைக்செட்காரருக்கும் அவர்கள் பாக்கி வைப்பதே இல்லை.

ஏதென்ஸிலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. சாக்ரடீஸின் மாணவர் ஜெனோஃபோன் எழுதிவைத்திருக்கிறார். ஆன்டிஃபோன் என்ற சோஃபிஸ்டு சாக்ரடீஸிடமே நேராகக் கேட்கிறார்: உன் மேலங்கியையோ வீட்டையோ யாருக்காவது சும்மா கொடுப்பாயா? விலை குறைத்துக்கூடக் கொடுக்க மாட்டாய். உன் பேச்சுக்கு மட்டும் காசு வாங்குவதில்லை. அதற்கு ஏதாவது மதிப்பு இருப்பதாக நீ நினைத்திருந்தால் வாங்கியிருப்பாய். ஆகவே நீ நேர்மையானவன்தான், அறிவாளி அல்ல. சாக்ரடீஸின் பதில் கடுமையானது: அழகைக் காசுக்கு விற்பவர்களை என்ன பெயர் சொல்லி அழைக்கிறோமோ, அறிவை விற்பவர்களும் அதே ரகம். இந்த இடத்தில் நான் ஆன்டிஃபோன் பக்கம்தான் நிற்கிறேன். சாக்ரடீஸுக்குப் பணக்கார நண்பர்கள் இருந்தார்கள். கி.மு. 399இல் வழக்கு நடந்தபோது அவருக்காக 30 மினா (3,000 டிராக்மா) அபராதம் கட்டுகிறோம் என்று பிளேட்டோ, கிரிட்டோ உள்ளிட்டவர்கள் பிணை நின்றார்கள். பிளேட்டோவோ தாய்வழியில், ஏதென்ஸுக்குச் சட்டம் வகுத்த சோலோனின் வம்சம் என்று சொல்லிக்கொண்ட செல்வக்குடியில் பிறந்தவர். கூலி வாங்காமல் சிந்திக்க அவருக்கு வசதி இருந்தது.

சோஃபிஸ்டுகளுக்கு அது இல்லை. அப்தேராவிலிருந்து வந்தவர் புரோட்டகோரஸ். சிசிலித் தீவின் லியோன்டினியிலிருந்து வந்தவர் கோர்கியாஸ். புரோடிகஸ் கியோஸ் தீவுக்காரர், ஹிப்பியாஸ் எலிஸ்காரர். ஏதென்ஸில் இவர்களுக்கு ஓட்டு இல்லை, மக்கள் சபையில் பேசும் உரிமையும் இல்லை. இருந்தது வித்தை ஒன்றுதான். புரோட்டகோரஸ் கட்டணம் வாங்கிய முறையைப் பிளேட்டோவே எழுதுகிறார். பாடம் முடிந்ததும் மாணவன் கேட்ட தொகையைக் கொடுக்கலாம். அதிகம் என்று தோன்றினால் கோயிலுக்குப் போய், இந்தப் படிப்பு இவ்வளவு பெறும் என்று சத்தியம் செய்து, அந்தத் தொகையை மட்டும் வைத்துவிட்டுப் போகலாம். இப்படி ஒரு சலுகை தரும் கல்லூரியை எனக்குக் காட்டுங்கள்.

ஆனால் கட்டணம் மலிவு என்று சொல்ல மாட்டேன். ஈவனஸ் என்ற சோஃபிஸ்டு வாங்கியது 5 மினா, அதாவது 500 டிராக்மா. தேர்ந்த தொழிலாளி ஒருவருக்கு அன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 டிராக்மாதான் கூலி. புரோடிகஸ் 50 டிராக்மாவுக்கு ஒரு சொற்பொழிவு வைத்திருந்தார், 1 டிராக்மாவுக்கும் ஒன்று வைத்திருந்தார். சொற்களின் நுட்பமெல்லாம் 50 டிராக்மா உரையில் இருக்கிறது, நான் கேட்டது 1 டிராக்மா உரைதான் என்று பிளேட்டோ எழுதிய உரையாடலில் வரும் சாக்ரடீஸ் குத்திக் காட்டுகிறார். குத்து நியாயமானது. ஏழைக்கு 50 டிராக்மா உரை எட்டாது. ஆனாலும் முன்பு வம்சத்தோடு மட்டும் வந்த ஒன்று இப்போது காசு கொடுத்தால் கிடைக்கிறது என்றாகிவிட்டது. பழைய குடும்பங்களுக்கு அதுதான் உறுத்தியது.

இந்த வித்தையின் தேவையையும் பாருங்கள். அங்கே உங்களுக்காக வாதாட வக்கீல் கிடையாது. வாதியும் பிரதிவாதியும் தாமே எழுந்து, பல நூறு ஜூரிகள் முன்னால், தண்ணீர்க் கடிகாரம் வடிந்து முடிவதற்குள் பேசி முடிக்க வேண்டும். நாக்கு குழறினால் நிலம் போகும், சில வழக்குகளில் உயிரும் போகும். கி.மு. 427இல், தனக்கு எதிராகக் கிளர்ச்சி செய்த மிடிலீன் நகரத்தின் வயதுவந்த ஆண்கள் அத்தனை பேரையும் கொல்ல ஏதென்ஸ் சபை ஓட்டுப் போட்டு, கப்பலையும் அனுப்பிவிட்டது. மறுநாள் மனம் உறுத்தி மறுபடி கூடினார்கள். சோஃபிஸ்டுகளின் பேச்சை வேடிக்கை பார்க்க வந்தவர்களைப்போல உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று திட்டியவர் அரசியல்வாதி கிளியோன். கொலைத் தீர்மானத்தை விடக் கூடாது என்று அசராமல் பேசியவரும் அவரேதான். பேச்சுத்திறனைப் பழித்துப் பேசவும் எவ்வளவு பேச்சுத்திறன் வேண்டியிருக்கிறது! டயோடோடஸ் என்பவர் எழுந்து, இரக்கத்தைப் பற்றி வாய் திறக்காமல், கொல்வதால் ஏதென்ஸுக்கு என்ன லாபம் என்று மட்டும் கணக்குப் பேசினார். சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். இரண்டாவது கப்பலின் துடுப்புக்காரர்கள் மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த பார்லி மாவைத் துடுப்பு வலித்தபடியே தின்று, முறைவைத்துத் தூங்கிப் போய்ச் சேர்ந்தார்கள். தளபதி ஆணையைப் படித்து முடித்து, நிறைவேற்றக் கிளம்பும் நேரம் அது. கிளர்ச்சியின் தலைவர்கள் தப்பவில்லை. நகரம் தப்பியது. கருணையைக் கணக்காக மாற்றிச் சொல்லும் சாமர்த்தியத்தை 'வாய்ச்சொல்' என்று ஒதுக்க எனக்கு மனம் வராது.

தத்துவமா என்றும் கேட்கிறீர்கள். கிரேக்கரோ அந்நியரோ, எல்லோரும் வாயாலும் மூக்காலும்தான் மூச்சுவிடுகிறோம், இயற்கையில் பேதமில்லை என்று எழுதியவர் மேலே சொன்ன ஆன்டிஃபோன். எகிப்தின் மணலில் கிடைத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) துண்டுகளில் அந்த வரி இருக்கிறது. இயற்கை யாரையும் அடிமையாகப் படைக்கவில்லை என்றவர் கோர்கியாஸின் மாணவர் அல்சிடமஸ். சிலர் இயற்கையிலேயே அடிமைகள் என்று வாதிட்டு எழுதியவர் அரிஸ்டாட்டில். இதில் எது தத்துவம் என்று உங்கள் பேராசிரியரைக் கேளுங்கள்.

கடைசியாக, சாக்ரடீஸையும் அவர்களையும் ஒன்றாகச் சேர்த்தது பாடத்திட்டக் குழு இல்லை. கி.மு. 423இல் மேடையேறிய நாடகத்தில் அரிஸ்டோஃபனீஸ் சாக்ரடீஸையே சோஃபிஸ்டாக நிறுத்தினார். கி.மு. 404இல் ஆட்சியைப் பிடித்த முப்பது கொடுங்கோலர்கள் பேச்சுக்கலையை யாரும் கற்பிக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். போட்டவர் அவர்களில் ஒருவரான கிரிட்டியாஸ், பிளேட்டோவின் தாய்வழி உறவினர். குறி சாக்ரடீஸ். அவரைக் கூப்பிட்டு, இளைஞர்களோடு பேசாதே என்றார்கள். எந்த வயது வரை இளைஞர் என்று அவர் கேட்டார். முப்பது வரை என்றார் கூட்டாளி காரிக்லீஸ். கடையில் ஒரு பொருள் வாங்கப்போகிறேன், விற்பவனுக்கு முப்பது ஆகவில்லை, விலை என்ன என்று கேட்கலாமா? கேட்கலாம். வழியில் ஒரு பையன் காரிக்லீஸ் வீடு எது, கிரிட்டியாஸ் எங்கே என்று கேட்டால், தெரிந்ததைச் சொல்லலாமா? சொல்லலாம். கிரிட்டியாஸ் குறுக்கிட்டார்: செருப்புத் தைப்பவர், தச்சர், கொல்லர் என்று எப்போதும் உதாரணம் சொல்கிறாயே, அதையெல்லாம் விட்டுவிடு. அப்படியானால் நீதியைப் பற்றியும் பேசக் கூடாதா என்றார் சாக்ரடீஸ்.

இவர்கள் குடிமக்களைக் கொன்றதை மனதில் வைத்து, மந்தையைக் குறைத்துக் கெடுக்கும் மேய்ப்பன் நல்ல மேய்ப்பனா என்று அவர் முன்பு சொன்னது இவர்கள் காதுக்கு எட்டியிருந்தது. காரிக்லீஸ் சொன்ன பதில்: மேய்ப்பர்களையும் விட்டுவிடு, இல்லாவிட்டால் மந்தையில் உன் தலையும் குறையும்.