எறும்பு செடியைத் தின்னவில்லை, காவல் காக்கிறது

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் 3 ஏக்கர் அராபிகா காப்பி வைத்திருக்கிறேன். இந்த வருஷம் செடியெல்லாம் எறும்பு ஊர்கிறது. கணுவிலும் பிஞ்சுக் கொத்திலும் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியது போல இருக்கிறது. இலைமேல் கரி பூசியது மாதிரி கறுப்பு. மருந்துக்கடைக்காரர் எறும்புக்குக் குருணை மருந்து போடச் சொல்கிறார். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களை வாங்க வந்த மர வியாபாரி, நிழல் அதிகமானதால்தான் பூச்சி வந்தது, மரத்தை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி 10,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் குருணைப் பையைப் பிரிக்காதீர்கள். மரத்திலும் கைவைக்காதீர்கள். மற்றதைச் சொல்கிறேன்.

அந்த வெள்ளைப் பஞ்சுதான் மாவுப்பூச்சி. செடியின் சாற்றை உறிஞ்சுவது அதுதான். சாற்றில் சர்க்கரை நிறைய, சத்து குறைவு. வேண்டிய சத்துக்காக அது அளவுக்கு மீறி உறிஞ்சி, மிஞ்சிய சர்க்கரைத் தண்ணீரை வெளியே விடுகிறது. அந்த இனிப்புக்காகத்தான் எறும்பு வருகிறது. எறும்பு நக்கியது போக இலைமேல் சிந்தியதில் பூசணம் பிடித்துக் கறுக்கிறது. நீங்கள் பார்த்த கரி அதுதான். அது இலைக்குள் இறங்காது. மாவுப்பூச்சி போனால் தானாகக் காய்ந்து உதிரும். கறுப்புக்கென்று தனியாக ஒரு பூசணக்கொல்லியை உங்கள் தலையில் கட்டுவார்கள், வாங்காதீர்கள்.

எறும்பு சும்மா வாங்கிக்கொண்டு போவதில்லை. நம் ஊரில் மாடு வைத்திருப்பவர் எப்படியோ அப்படித்தான். பால் கறக்கிறது, பதிலுக்குக் காவல் காக்கிறது. மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டையும், அதன் உடம்புக்குள் முட்டை வைக்க வரும் சின்னக் குளவியையும் கடித்து விரட்டுகிறது. ஆகவே எறும்பைச் செடியில் ஏறவிடாமல் செய்தாலே பாதி வேலை முடிந்தது. மண்ணைத் தொடும் கீழ்க்கிளைகளைக் கவாத்து செய்யுங்கள். பக்கத்துச் செடியோடு உரசும் கிளைகளையும் எடுங்கள், அவைதான் எறும்புக்குப் பாலம். தூரைச் சுற்றிக் களையெடுங்கள், களைச்செடியிலும் மாவுப்பூச்சி இருக்கும். மண்ணில் எறும்புப் புற்று இருந்தால் வேரில் படாமல் மண்வெட்டியால் கிளறிக் கலையுங்கள். தண்டில் துணியைச் சுற்றி அதன்மேல் பசை தடவலாம், பட்டையில் நேராகத் தடவ வேண்டாம். பூச்சி மொய்த்த கொத்துகளை மட்டும் வெட்டி எரித்துவிடுங்கள்.

குருணையில் ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். போரேட் என்ற குருணை மருந்து இந்தியாவில் 2020 டிசம்பர் 31 முதல் தடை. பெயர் சொல்லாமல், பில் போடாமல், "பழைய சரக்கு, நல்லா கேக்கும்" என்று யாராவது நீட்டினால் எச்சரிக்கையாக இருங்கள். எந்த மருந்தானாலும் பில் கேளுங்கள், டப்பாவில் காப்பி என்று எழுதியிருக்கிறதா என்று படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பில் கேட்டதுமே பல கடைகளில் அந்த மருந்து "ஸ்டாக் இல்லை" ஆகிவிடும். நானே பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பொறிவண்டு. கிரிப்டோலேமஸ் என்ற இந்த வண்டை ஆஸ்திரேலியாவிலிருந்து 1898இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள், அதுவும் காப்பியில் வரும் பச்சைச் செதில்பூச்சியை ஒழிக்க. அந்த வேலையில் அது தேறவில்லை. ஆனால் மாவுப்பூச்சியை ருசி கண்டுகொண்டது. (உங்கள் சில்வர் ஓக்கும் ஆஸ்திரேலியாக்காரன்தான்.) ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். இந்த வண்டின் புழுவும் மாவுப்பூச்சி போலவே மேலெல்லாம் வெள்ளை நூலாகத்தான் இருக்கும். "வண்டு விட்டேன், பூச்சி பெரிசாயிடுச்சு" என்று சொல்லி, வந்த புழுவையே மருந்தடித்துக் கொன்ற தோட்டக்காரர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. குச்சியால் தொட்டுப் பாருங்கள். பெரிதாக இருந்து விறுவிறுவென்று ஓடினால் அது நம் ஆள். அசையாமல் ஒட்டிக் கிடந்தால் மாவுப்பூச்சி. வண்டு விட்ட தோட்டத்தில் மருந்தடிக்கக் கூடாது, பலன் தெரிய ஒன்றிரண்டு மாதம் ஆகும்.

வண்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது. வண்டு தரும் அலுவலகத்தில் மனு கொடு, பட்டா நகல் கொடு, போட்டோ கொடு என்று அலையவிட்டு, வண்டு வந்து சேரும்போது கோடை மழை பெய்து பூச்சி பாதி கழுவிப் போயிருக்கும். கூட்டுப்பட்டாவில் பெயர் இல்லாதவர் பாடு இன்னும் மோசம். மாவுப்பூச்சி என்ன பட்டா பார்த்தா ஏறுகிறது? எனவே மாசி பங்குனியில் வெயில் ஏறுமுன்பே, இரண்டு செடியில் பூச்சி கண்டதுமே அந்த அலுவலகத்துக்கு எழுதிப் போடுங்கள். இடையில் சந்தை நாளில் டப்பாவில் வண்டு விற்கும் ஆட்களை நம்பாதீர்கள். மூடியைத் திறந்து உயிரோடு நடக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

எறும்பில் ஒரு விதிவிலக்கு உண்டு. இலைகளைப் பின்னி உருண்டையாகக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு, அதாவது முசுறு. அது இனிப்பும் நக்கும், வேட்டையும் ஆடும். புழு, வண்டு, நாற்றமடிக்கும் பூச்சி எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். சீனாவில் நாரத்தை, ஆரஞ்சுத் தோட்டங்களில் நூற்றாண்டுகளுக்கு முன்பே இதன் கூட்டைக் கொண்டுவந்து மரத்தில் கட்டியிருக்கிறார்கள். அதனால் மாமரத்தில், பலாவில், உயரமான நிழல்மரத்தில் கூடு இருந்தால் விட்டுவிடுங்கள். காப்பிச் செடியிலேயே கூடு இருந்தால் கதை வேறு. கூட்டைப் பிரித்தால் உள்ளே செதில்பூச்சியையும் மாவுப்பூச்சியையும் வளர்த்து வைத்திருக்கும். பழம் பறிக்க வரும் பெண்கள் அந்தச் செடியை அண்டவும் மாட்டார்கள். அப்படிப்பட்ட கூட்டை மட்டும் விடியற்காலையில், எறும்பு உள்ளே அடங்கியிருக்கும்போது, கிளையோடு வெட்டிச் சாக்கில் போட்டுக் கட்டி எரித்துவிடுங்கள். மேலே நிழல்மரத்தில் கூடு, கீழே செடிக்கு வரிசையாக இறங்குகிறது என்றால்? மரத்துக்கும் செடிக்கும் இடையே தொடும் கிளையை வெட்டினால் போதும், கூட்டைத் தொட வேண்டாம்.

இனி மர வியாபாரி. அவர் சொன்னது நேர் தலைகீழ். மாவுப்பூச்சி வெயிலும் வறட்சியும் உள்ள இடத்தில்தான் பெருகும். அதைவிடப் பெரிய ஆபத்து தண்டுத் துளைப்பான். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் அதன் வண்டு வெளியே வந்து, வெயில் படும் காப்பித் தண்டின் பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். புழு உள்ளே குடைந்துவிட்டால் மருந்து எட்டாது, செடியைப் பிடுங்கி எரிக்கத்தான் வேண்டும். நிழலை எடுப்பது அந்த வண்டுக்குப் பந்தி போட்டு அழைப்பதற்குச் சமம். நிழல் நிஜமாகவே அடர்த்தி என்று பட்டால் கிளைகளை மட்டும் கழித்துவிடுங்கள். சில்வர் ஓக் இடையில் கல்யாண முருங்கையோ அத்தியோ பலாவோ நட்டு வையுங்கள். முன்பணத்தை நாளைக்கே, இரண்டு பேரை வைத்துக்கொண்டு, கையெழுத்து வாங்கித் திருப்பிக் கொடுங்கள். தள்ளிப் போட்டால் "பேசினபடி" என்று ஆளோடும் ரம்பத்தோடும் வந்து நிற்பார்.