இத்தாலியன் கேள்வி-பதில்: போவதும் வருவதும்

கேள்வி: ‘சாப்பிடப் போகிறேன்’ என்பதற்கு ‘வாதோ மஞ்சாரே’ என்று எழுதினேன். நடுவில் ‘அ’ வேண்டும் என்று திருத்தினார்கள். ‘வோல்யோ மஞ்சாரே’வில் மட்டும் ‘அ’ இல்லையே?

திருத்தியது சரிதான். வோல்யோ (விரும்புகிறேன்), போஸ்ஸோ (என்னால் முடியும்), தேவோ (செய்தாக வேண்டும்) ஆகியவற்றுக்குப் பின் அடுத்த வினை அப்படியே வரும். அந்தாரே (போக), வெனீரே (வர), கோர்ரெரே (ஓட) போன்றவற்றுக்கு இடையில் ‘அ’ கட்டாயம். தமிழில் ‘சாப்பிட’ என்ற எச்சத்துக்குள்ளேயே ‘அதற்காக’ என்ற பொருள் இருக்கிறது. ‘மஞ்சாரே’வில் அது இல்லை, அதனால் ‘அ’ வந்து அந்த வேலையைச் செய்கிறது. அடுத்த சொல் ‘ஆ’ ஒலியில் தொடங்கினால் ‘அத்’ ஆகும்: வாதோ அத் ஆயுத்தாரே (உதவப் போகிறேன்).

இதைவிட நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. நம் ‘சாப்பிடப் போகிறேன்’ இரண்டு வேலை செய்யும்: எழுந்து போவதும் அதுதான், இனிமேல் நடக்கப்போவதும் அதுதான். ‘வாதோ அ மஞ்சாரே’ என்றால் கால் நகர்ந்தாக வேண்டும். ‘மழை பெய்யப் போகிறது’ என்பதற்கு அந்தாரேவைத் தொடவே கூடாது. ‘ஸ்தா பெர் ப்யோவெரே’ என்பதே சரி. பிரெஞ்சோ ஸ்பானிஷோ முன்பே படித்தவர்கள்கூட இங்கே தடுக்கி விழுவார்கள்.

கேள்வி: ‘அ’வுக்குப் பதில் ‘பெர்’ போடலாமா?

நோக்கத்தை அழுத்திச் சொல்லும்போது போடலாம். ‘ஸோனோ வெனூத்தோ இன் இத்தாலியா பெர் ஸ்துதியாரே’ என்றால் ‘படிப்பதற்காகவே இத்தாலிக்கு வந்தேன்’ என்ற தொனி. பெண்கள் ‘வெனூத்தா’ என்று சொல்ல வேண்டும். ‘தொந்தரவு செய்யாமல் இருக்க வெளியே போனேன்’ போன்ற எதிர்மறை நோக்கத்துக்கு ‘பெர் நோன்’தான், ‘அ’ வராது. அன்றாடப் பேச்சில் ரொட்டி வாங்கப் போவதற்கெல்லாம் ‘அ’வே இயல்பு.

கேள்வி: ‘போய் வாங்கினேன்’ என்பதற்கு ‘ஏ’ (மற்றும்) போட்டு இரண்டு வினைகளை இணைக்கலாமா?

தாராளமாக. பொருள்தான் மாறும். ‘ஸோனோ அந்தாத்தோ அ கொம்ப்ராரே இல் பானே’ என்றால் ரொட்டி வாங்கப் போனேன், அவ்வளவுதான். அதன் பிறகு ‘மா இல் ஃபோர்னோ எரா க்யூஸோ’ (ஆனால் கடை மூடியிருந்தது) என்று தொடரலாம். ‘ஸோனோ அந்தாத்தோ ஏ ஓ கொம்ப்ராத்தோ இல் பானே’ என்றால் ரொட்டி கைக்கு வந்துவிட்டது. ‘வாங்கப் போனேன்’, ‘போய் வாங்கினேன்’ என்று நாம் பிரிப்பதும் இதே பிரிவுதான்.

அப்புறம், ‘வாதோ ஏ தோர்னோ’ என்று ஒரு தொடர் உண்டு. சொல்லுக்குச் சொல் நம் ‘போயிட்டு வரேன்’தான். ஆனால் அதை விடைபெறும் சொல்லாகப் பயன்படுத்தாதீர்கள். ‘இதோ போய் உடனே திரும்புகிறேன்’ என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், உங்களுக்காகக் காத்திருப்பார்கள்.

கேள்வி: ‘அதை எடுக்கப் போகிறேன்’ என்பதில் ‘லோ’ (அதை) எங்கே வரும்?

வாதோ அ ப்ரெந்தெர்லோ, லோ வாதோ அ ப்ரெந்தெரே. இரண்டும் சரி.

கேள்வி: நான் வருகிறேன், ஆனால் செய்யப்போவது வேறொருவர். அப்போது?

அங்கே ‘அ’வும் ‘பெர்’ரும் உதவாது. ‘பெர்க்கே’ போட்டு வினையின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். ‘வேங்கோ பெர்க்கே மரியா மி ஆயுத்தி’ என்றால் ‘மரியா எனக்கு உதவ வேண்டும் என்று வருகிறேன்’. ‘ஆயுத்தா’ என்றால் ‘மரியா உதவுகிறாள், அதனால் வருகிறேன்’. முன்னது இன்னும் நடக்காத விருப்பம், பின்னது நடக்கிற காரணம். ஒரே ஒரு உயிரெழுத்துதான் வேறுபாடு, அதனால் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.