ஹவானாவில் எங்கே நடப்பது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரும் ஜனவரியில் குடும்பத்துடன் கியூபாவின் தலைநகர் ஹவானா செல்கிறோம். பழைய ஹவானாவை இரண்டு நாள் பார்த்தால் போதும், அதற்கு வெளியே இடிந்த வீடுகளைத் தவிர ஒன்றுமில்லை என்கிறார்கள் சென்றுவந்தவர்கள். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

பழைய ஹவானாவைத் தவறவிடக் கூடாது. 1982-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அப்பகுதியை மீட்டெடுத்ததில் வரலாற்றறிஞர் எவ்செபியோ லியாலின் பங்கு பெரிது. பிளாசா வியேஹா சதுக்கத்தில் நிற்கும்போது, 1950களில் அதன் அடியில் கார் நிறுத்துமிடம் கட்டியிருந்தார்கள் என்பதையும், 1990களில் அதை இடித்துவிட்டே சதுக்கத்துக்குப் பழைய வடிவத்தைக் கொடுத்தார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் காணும் பழமையில் ஒரு பகுதி நம் காலத்தில் கட்டப்பட்டது.

ஆனால் அந்த ஊர், பழைய ஹவானாவைச் சூழ்ந்திருந்த மதிலோடு முடிந்துவிடவில்லை. 1863-ல் மதிலை இடிக்கத் தொடங்கிய பிறகு மேற்கே வளர்ந்த சென்ட்ரோ ஹவானாவில்தான் நான் அதிக நேரம் நடக்கச் சொல்வேன். அங்குள்ள தெருவொன்றில் நின்று உயரமான பழைய ஜன்னல்களை அண்ணாந்து பாருங்கள். சிலவற்றின் நடுவே குறுக்காக ஒரு பலகைத்தளம் ஓடுவது தெரியும். உயர்ந்த கூரையுள்ள அறையை இரண்டாகத் தடுத்து, மேலே இன்னொரு தளம் போட்டுக் குடியிருக்கிறார்கள். இதற்கு அங்கே ‘பார்பகோவா’ என்று பெயர். வீட்டுப் பற்றாக்குறைக்கு மக்களே கண்ட வழி இது. ஆனால் அந்தக் கூடுதல் பாரமும், இரும்பை அரிக்கும் உப்புக்காற்றும், பராமரிப்பின்மையும் சேர்ந்து, பெருமழைக்குப் பின் கட்டடங்கள் சரிந்துவிழக் காரணமாகின்றன. உதிரும் சுவர்களை அழகு என்று படமெடுத்துத் தள்ளும் பயணிகளிடம் எனக்கு மனத்தாங்கல் உண்டு. வீட்டுக்குள் கேமராவைத் திருப்பும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அதற்கும் மேற்கே வெதாதோ. 1859-ல் திட்டமிடப்பட்ட பகுதி; தெருக்களுக்கு எழுத்தும் எண்ணுமே பெயர் என்பதால் வழி தவறாது. மாலையில் ஒருமுறை சுற்றினால் போதும்.

மலெக்கோன் கடற்கரைச் சாலைக்கு மட்டும் நாள் குறித்துவைக்காதீர்கள். ஜனவரியில் வடகாற்று வலுக்கும்போது அலைகள் தடுப்புச்சுவரைத் தாண்டி விழும், போக்குவரத்தையும் நிறுத்திவிடுவார்கள். கடல் அடங்கிய மாலையில் போய்க்கொள்ளலாம்.