அண்ணாச்சி, எவ்வளவு பக்கத்துல போகலாம்?

வெளிநாட்டுக்குக் கேமராவோடு போகிறவர்கள் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தேன். பாஸ்போர்ட் ஃபோட்டோ, பீச் ஃபோட்டோ என்று கேட்பார்கள் என நினைத்தால் வந்ததில் பாதிக் கடிதம் மானைப் பற்றி. சரி, இந்த மாதம் மானே இருக்கட்டும்.

கேள்வி: அண்ணாச்சி, மகள் அமெரிக்காவில், டென்வரில் இருக்கிறாள். செப்டம்பர் கடைசியில் நானும் வீட்டுக்காரியும் போகிறோம். ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவில் எல்க் என்ற பெரிய மான் கூட்டங்கூட்டமாக நிற்கும், கூட்டிப்போகிறேன் என்கிறாள். கையில் ஒரு சாதாரண டிஎஸ்எல்ஆர், 70-300 லென்ஸ். நல்ல படம் கிடைக்க எவ்வளவு பக்கத்துல போகலாம்? (தக்கலை வாசகர்)

போகவே வேண்டாம். இதுதான் பதில். ஆனால் இத்தோடு நிறுத்தினால் ஆசிரியர் என்னைச் சும்மா விடமாட்டார், அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

அந்தப் பூங்காவின் விதிப்படி எல்க்குக்கும் உங்களுக்கும் நடுவில் குறைந்தது 75 அடி, அதாவது சுமார் 23 மீட்டர் இருக்கவேண்டும். வடசேரி பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்ஸை முன்னும் பின்னுமாக நிறுத்தினால் வருகிற நீளம். இது படத்துக்கு இடைஞ்சல் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் லென்சை முழுசாக இழுத்து 300 எம்எம்மில் வைத்து 23 மீட்டரில் நின்றால் படத்தின் அகலத்துக்குள் 1.8 மீட்டர்தான் அடங்கும். ஆண் எல்க்குக்குத் தோள் உயரமே 1.5 மீட்டர், உடம்பின் நீளம் 2 மீட்டரைத் தாண்டும், அதற்கு மேல் கொம்பு வேறு. பக்கத்தில் போகப்போக மூக்கு வெட்டுப்படும், இல்லாவிட்டால் பின்கால் வெட்டுப்படும். அதுவே 50 மீட்டரில் நின்றால் 4 மீட்டர் அகலம் கிடைக்கிறது. கொம்போடு முழு மான், சுற்றிக் கொஞ்சம் மஞ்சள் புல், பின்னால் மலையின் ஒரு கீற்று. உங்கள் லென்சே போதும், புதிதாக எதையும் வாங்காதீர்கள். அளவு நாடா இல்லாத இடத்தில் ஒரு சின்ன வழி: கையை நேராக நீட்டி ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலால் மானை மறைத்துப் பாருங்கள். முழுசாக மறையவில்லை என்றால் நீங்கள் பக்கத்தில் நிற்கிறீர்கள், பைய பின்னால் வரவேண்டியதுதான்.

நீங்கள் போகும் நேரம் அருமையான நேரம். செப்டம்பர் நடுவில் இருந்து அக்டோபர் நடு வரை அவற்றுக்கு இணைசேரும் காலம். கோடையில் மேலே மலை உச்சிகளில் மேய்ந்தவை கீழே புல்வெளிகளுக்கு இறங்கிவிடும். மொரைன் பார்க், ஹார்ஸ்ஷூ பார்க் என்று மகள் சொல்வாள். பூச்செடியும் ஊஞ்சலும் இருக்கும் பார்க் என்று நினைத்துவிடாதீர்கள், மலைகளுக்கு நடுவில் உள்ள திறந்த புல்வெளியை அந்த ஊரில் அப்படிச் சொல்வார்கள். விடியும்போதும் சூரியன் சாயும்போதும்தான் ஆட்டம், உச்சிவேளையில் மரநிழலில் படுத்து அசைபோடும். சமீப வருடங்களாக அக்டோபர் நடுப்பகுதி வரை, நாளின் குறிப்பிட்ட நேரங்களில், நேரம் குறித்து முன்பதிவு செய்துதான் பூங்காவுக்குள் விடுகிறார்கள், அதை மகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள். இன்னொன்று: செப்டம்பர், அக்டோபரில் மாலை 5 மணியிலிருந்து மறுநாள் காலை வரை இந்தப் புல்வெளிகளுக்குள் கால்வைக்கக் கூடாது. சாலையோரத்தில் நின்றோ, காரில் இருந்தோ எடுக்கலாம்.

காரில் இருந்து எடுப்பதே நல்லது என்பேன், ஆனால் அதிலேயே நான் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். மருமகன் கார் ஓட்ட, வெளியே பனிவிழுகிற குளிர், நமக்கோ மார்கழியில் 22 டிகிரி வந்தாலே மப்ளர் தேடும் உடம்பு, ஹீட்டரை முழுசாக வைத்து ஜன்னலைப் பாதி இறக்கி இருநூறு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிசாக்கிப் பார்த்தால் ஒன்றுகூடக் கூர்மையாக இல்லை. லென்சைத் திட்டினேன், என் மூக்குக்கண்ணாடியை மாற்றணுமோ என்றுகூட நினைத்தேன். விஷயம் வேறு: காருக்குள் இருந்த சூடான காற்று ஜன்னல் வழியாக வெளிக்குளிரில் கலக்கும்போது, வெயில் காலத்தில் தார்ரோட்டுக்கு மேலே தெரியுமே ஒரு அலையாட்டம், அதே ஆட்டம் லென்சுக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது. மறுநாள் ஹீட்டரை அணைத்து, கண்ணாடியை முழுசாக இறக்கி, காரின் உள்ளும் வெளியும் ஒரே குளிராகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். படம் கத்தி மாதிரி வந்தது. இன்ஜினையும் அணைத்துவிடுங்கள், அதன் நடுக்கமே படத்தைக் கெடுக்கும்.

ஜன்னலில் லென்சைத் தாங்க ஒரு பை வேண்டும். பழைய ஜீன்சின் ஒரு காலை வெட்டி இரண்டு பக்கமும் தைத்து வெறும் பையாகக் கொண்டுபோங்கள், அங்கே ஒரு கிலோ அரிசி வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். இங்கிருந்தே அரிசி, பயறு என்று நிரப்பிப் போனால் விமான நிலையத்தில் நின்று பதில் சொல்லணும். பாட்டரி குளிரில் சீக்கிரம் படுத்துவிடும், இரண்டாவது பாட்டரியைச் சட்டையின் உள்பாக்கெட்டில் உடம்புச் சூட்டிலேயே வைத்திருங்கள்.

செட்டிங் என்று ரொம்பக் குழம்பாதீர்கள். லென்சின் துளையை எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறந்து, ஷட்டர் 1/500 நொடி, ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) ஆட்டோவில் 3200 வரை. விடிவதற்கு முன்னால் வெளிச்சம் போதாவிட்டால், மான் அசையாமல் நிற்கும்போது 1/250க்கு இறங்கலாம், பை தாங்கும். ஓடும்போது, இரண்டு ஆண்கள் கொம்பு கோக்கும்போது 1/1000 வேண்டும், அதற்கு ஐஎஸ்ஓ ஏறி படம் கொஞ்சம் மணலாக இருந்தால் இருக்கட்டும். கவனிக்கவேண்டியது ஒன்று: ஆணுக்குக் கழுத்து கரும்பழுப்பு, உடம்பு வெளுத்த மண்நிறம், சுற்றிலும் பொன்னிறப் புல். கேமரா புல்லைப் பார்த்து அளந்தால் கழுத்து கறுத்துப்போகும், கண் தொலைந்துபோகும். ஒரு படம் எடுத்ததும் கண் தெரிகிறதா என்று பார்த்து, தெரியாவிட்டால் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் அதன் சத்தம். முன்னூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள மிருகம், சிங்கம் மாதிரி கர்ஜிக்கும் என்று காத்திருந்தேன். அடிவயிற்றில் ஆரம்பித்துச் சட்டென்று மேலே ஏறி, சீவாளி சரியாக அமையாத நாதஸ்வரம் மாதிரி ஒரு கீச்சு, கடைசியில் நாலு உறுமல். வீட்டுக்காரி சிரித்தேவிட்டாள். ஆனால் படம் அங்கேதான் இருக்கிறது. கத்தும்போது கழுத்தை நீட்டும், கொம்பு முதுகோடு படியும், வாயிலிருந்து ஆவி வரும். சூரியன் அதன் பின்னால் எழும்படி நீங்கள் நின்று, அதற்கும் பின்னால் இருட்டான மலைச்சரிவு இருந்தால் அந்த ஆவி வெள்ளிபோலத் தெரியும். ஒருதடவை கத்தினது மறுபடி கத்தும், அவசரமில்லை, ஒரே இடத்தில் இருங்கள். இடம் மாறி மாறி ஓடுகிறவர்களுக்குத்தான் எல்லா மானின் முதுகும் கிடைக்கும்.

எப்போது விலகணும் என்பதை மானே சொல்லும். மேய்ந்துகொண்டிருந்தது தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால், நீங்கள் அதிகமாகிவிட்டீர்கள் என்று அர்த்தம். காதைப் பின்னால் மடக்கினால், புல்லைக் கொம்பால் குத்திக் கிளறிக்கொண்டு உங்கள் பக்கம் திரும்பினால், படத்தை மறந்துவிட்டுக் காருக்குள் போங்கள். இந்த மாதத்தில் ஆணுக்குக் கண்மண் தெரியாது. அது உங்களைப் பார்க்கும் படத்தைவிட, உங்களை மறந்துவிட்டு நிற்கும் படம் நூறு மடங்கு நன்றாக இருக்கும். வீட்டு ஹாலில் மாட்டினால் அது புரியும்.

மகளிடம் கேட்டு அந்த மானின் கதையையும் தெரிந்துகொண்டு போங்கள். அந்த வட்டாரத்தில் குடியேறியவர்கள் சுட்டுச்சுட்டு எல்க்கே இல்லாமல் ஆக்கி, பிறகு 1913, 1914இல் யெல்லோஸ்டோன் பூங்காவிலிருந்து கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். பூங்கா வந்ததே 1915இல்தான். ஏத்தங்காய் சிப்ஸ் பாக்கெட்டைக் காரிலேயே வைத்துவிடுங்கள், எதற்கும் தீனி போடக் கூடாது. உதிர்ந்த கொம்பு கிடந்தாலும் எடுக்கக் கூடாது.

கேள்வி: எல்க்குக்குத் தமிழில் என்ன பெயர்? அகராதியில் கடமான் என்று போட்டிருக்கிறது. நார்வேயில் இருக்கும் என் தம்பி அனுப்பிய எல்க் படத்தில் கொம்பு வேறு மாதிரி இருக்கிறதே? (மார்த்தாண்டம் வாசகி)

தம்பி அனுப்பியதும் சரி, நீங்கள் குழம்பியதும் சரி. ஐரோப்பாவில் எல்க் என்றால் அமெரிக்காவில் மூஸ் என்கிறார்களே அது. கொம்பு பனைமட்டை மாதிரி தட்டையாக விரிந்திருக்கும், மூக்கு தொங்கும். அமெரிக்காவின் எல்க் வேறு. அதன் கொம்பு ஒரு தண்டாகப் பின்னால் வளைந்து கிளை கிளையாகப் பிரியும், ஜோடி சுமார் 14 கிலோ வரும். அங்குள்ள பூர்வகுடிகளில் ஷானி மக்கள் அதற்கு வைத்த பெயர் வாப்பிட்டி, வெள்ளைப் பிட்டம் என்று பொருள், பின்பக்கமிருந்து பார்த்தால் பொருத்தமான பெயர்தான். கடமான் என்பது நம் மிளா. அதைக் கொண்டுபோய் அமெரிக்காவில் ஒட்டவேண்டாம், எல்க் என்றே எழுதுவோம்.

கேள்வி: ஃபோன் மட்டும்தான் இருக்கிறது, அது போதாதா? (குலசேகரம்)

போதும், மானை மட்டும் எடுக்காமல் இடத்தை எடுத்தால். விரலால் இழுத்துப் பெரிசாக்கினால் மான் சேற்றில் செய்த பொம்மை மாதிரி ஆகிவிடும். மலை, பனிமூட்டம், புல், ஓரத்தில் விரல்நகம் அளவுக்கு ஒரு மான். அதுவே படம்.

கேள்வி: கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. விடியற்காலம் மிளாவை அடிக்கடி பார்க்கிறேன். கேமரா வாங்கியதிலிருந்து ஒன்றுகூட நிற்கமாட்டேன் என்கிறது, இது என்ன கொடுமை அண்ணாச்சி?

சிரித்துவிட்டேன், மன்னிக்கணும். கொடுமை ஒன்றுமில்லை, நீங்கள் நடக்கும் விதம் மாறியிருக்கும். மரத்துக்கு மரம் போய்க் குனிந்து வேலை பார்க்கிறவரை மிளாவுக்குப் பழக்கம். நின்று, அதையே உற்றுப்பார்த்து, பதுங்கிப் பதுங்கி வருகிறவன் என்றால் அதன் கணக்கில் அவன் புலி.

எல்க் திறந்த வெளியில் மேயும், சாலையில் கார் நிற்பதையும் ஆள் நிற்பதையும் தினமும் பார்த்து வளர்ந்தது. மிளா காட்டு மான், பெரும்பாலும் இராத்திரியிலும் மங்கல் வெளிச்சத்திலும் நடமாடுவது, கண்ணைவிட மூக்கை நம்புவது. அதனால் நீங்கள் போய்ப் படம் எடுக்கமுடியாது, அது வரும் இடத்தில் நீங்கள் முன்னதாக இருக்கவேண்டும். தோட்டத்தின் ஓரத்தில், உங்களுக்கு வேலையுள்ள இடத்திலேயே, காற்று மிளா வரும் பக்கத்திலிருந்து உங்கள் முகத்தில் அடிக்கிற மாதிரி ஒரு மரத்தில் சாய்ந்து உட்காருங்கள். பீடி வேண்டாம், ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், நெற்றி விளக்கை அதன் கண்ணில் அடிக்காதீர்கள். காலைத் தரையில் தட்டி, வாலைத் தூக்கி, டாங்க் என்று ஒரு சத்தம் போட்டால் அது எதையோ பார்த்துவிட்டது. உங்களைத்தான் பார்த்தது என்றால் பரவாயில்லை. அது வேறு பக்கம் பார்த்துக் கத்தினால் அங்கே சிறுத்தை இருக்கலாம், என்னவென்று பார்க்கப் போகாதீர்கள்.

தோட்டத்து எல்லையைத் தாண்டினால் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம். உள்ளே போகவும் படம் எடுக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும், யானையும் அந்த வழிதான் வரும். ஒரு படம் கிடைத்தால் எனக்கு அனுப்புங்கள், எந்த இடம் என்று மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள்.

கேள்வி: ஃபோனில் மானின் குரலைப் போட்டால் பக்கத்தில் வருமாமே? (கருங்கல்)

வரும். அதனால்தான் கூடாது. அந்த ராக்கி பூங்காவில் செயற்கைக் குரலுக்கும், விளக்கடித்துப் பார்ப்பதற்கும் தடை. இணைசேரும் காலத்தில் ஆண் எல்க் சரியாகத் தின்னாமல் இளைத்துக்கொண்டே போகும், குளிர்காலமோ பக்கத்தில் வந்துவிட்டது. பொய் எதிரியைத் தேடி அதை ஓடவைப்பதில் உங்களுக்கு என்ன கிடைக்கப்போகிறது?

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த லென்சுக்குள் இரண்டு வருடத்தில் பூஞ்சை வந்துவிட்டது. அரிசி டப்பாவில் போட்டுவைத்தால் போதும் என்கிறார்களே? (குளச்சல்)

அரிசித் தூசும் வண்டும் லென்சுக்குள் போனதுதான் மிச்சமாகும். கடற்கரைக் காற்றில் ஈரமும் உப்பும் இருக்கிறது, தோல்பைக்குள் பூட்டிவைத்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலம், அவ்வளவுதான். நிறம் மாறும் வகையாக வாங்கினால் எப்போது காயவைக்கணும் என்று அதுவே காட்டும். வாரம் ஒருமுறை லென்சை வெளியே எடுத்துப் பத்துப் படமாவது எடுங்கள். ஏசி அறையிலிருந்து சட்டென்று வெளியே கொண்டுவந்தால் கண்ணாடியில் நீர் கோக்கும். ஜிப் பையில் மூடி வெளியே வைத்து, அரைமணி நேரம் கழித்துத் திறங்கள். தக்கலைக்காரருக்கும் இதுவே: அங்கே குளிரிலிருந்து சூடான வீட்டுக்குள் போகும்போது கேமராவைப் பைக்குள் மூடிய பிறகுதான் கதவைத் திறக்கணும். வந்திருக்கும் பூஞ்சையை நீங்களே துடைக்க முயலாதீர்கள், லென்ஸ் பிரிக்கத் தெரிந்தவரிடம் இந்த வாரமே கொடுங்கள். தள்ளிப்போட்டால் கண்ணாடியின் பூச்சையே அது தின்றுவிடும்.